மெத்தைக்கு அடியில் ஒரு செக்கர்

முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்த வளைவில் வண்டி சாயும், எந்தப் பாலத்தில் தூக்கிப் போடும் என்று என் காலுக்குத் தெரியும். டிரைவர் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். நான் மட்டும் நின்ற இடத்தில் நின்று மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட கண்டக்டர் ரிட்டையர் ஆன பிறகு, ஆடாத அசையாத சிமெண்டுத் தரையில், கோலியனூரில் சொந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் விழுந்தேன். இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

டிப்போவில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பார்க்க வரும்போதெல்லாம் "எப்படிய்யா விழுந்த?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அவர்களுக்கும் என் வயதுதான், அவர்கள் வீட்டிலும் வழுக்குகிற தரை உண்டு. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விடியப்போகிற நேரம். ஒன்றுக்குப் போக எழுந்தேன். கட்டிலை விட்டுச் சட்டென்று எழுந்து நின்றதும் கண் இருட்டியது. அது எப்போதும் இருட்டும், இரண்டு எட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று கொல்லைக் கதவு வரைக்கும் போனேன். அன்றைக்குச் சரியாகவில்லை. இடது இடுப்பு தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. என் மனைவி லூர்து ஓடி வந்து கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அவள் ஒல்லி, அதோடு அவளுக்கே முட்டிவலி. என்னைத் தூக்க அவளால் எங்கே ஆகும்? என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. என்னைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பவில்லை. யாரோ சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று எனக்குள் பரபரத்தது. படுத்தபடியே "போலாம், ரைட்" என்றேன். உள்ளே இருந்த பையனும் லூர்துவும் என்னைப் பார்த்தார்கள். வண்டி கிளம்பியது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் முண்டியம்பாக்கம் என் ரூட்டில் உள்ள ஸ்டாப். ஆயிரம் தடவை நின்றுகொண்டு போன வழியில் முதல் முறையாகப் படுத்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை ஒரு பந்து மாதிரி இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பந்துக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதி எனக்கு ஒடிந்திருந்தது. இந்த வயதில் அது தானாகக் கூடாதாம். ஒடிந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து ஒன்றை வைத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ததால் எனக்கு வலி தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, தச்சுப் பட்டறைக்குள் படுத்திருப்பதுபோல. நான் வாய்க்குள் ஸ்டாப்புகளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம். திண்டிவனம் வந்ததும் திரும்பி விழுப்புரம் நோக்கி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அங்கிருந்த டாக்டர்களையும் நர்ஸம்மாக்களையும் நான் எந்நாளும் மறக்க மாட்டேன். வாக்கரைப் பிடித்து நிற்கவைத்த அன்று டாக்டர் ஒன்று சொன்னார். "பெரியவரே, நடக்கறது உங்க கையிலதான் இருக்குது. ஆனா இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா எலும்பு தாங்காது. உங்க பிரஷரும் ஹார்ட்டும் இருக்கற நெலமைக்கு இன்னொரு ஆபரேஷனும் தாங்காது. அப்புறம் படுக்கைதான்." என்னிடம்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு வெளுத்தது லூர்துவின் முகம். எங்களுக்கு ஒரே மகள், ஜெயராணி, சென்னையில் வேலை. நான் படுத்தால் என்னைப் புரட்ட, கழுவ, தூக்க, முட்டிவலிக்காரி ஒருத்திதான் இருக்கிறாள்.

அன்று முதல் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பவள், புடவை முந்தானையின் நுனியை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிட்டுப் படுத்தாள். நான் கையை அசைத்தால் அவளுக்கு இழுக்கும், எழுந்துகொள்வாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. ஒருநாள், பாவம் தூங்குகிறாளே என்று முடிச்சைப் பல்லால் அவிழ்த்துவிட்டு வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் முந்தானை நுனியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் நல்லபடியாகத்தானே வந்துவிட்டோம் என்று படுத்துவிட்டேன்.

தையல் பிரித்ததும் நேராக வீட்டுக்குப் போக முடியாது என்றார்கள். எங்கள் வீட்டில் குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ், அதுவும் கொல்லையில், இறங்கப் படி வேறு. உலோகப் பந்து வைத்தவன் குந்தக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது. ஜெயராணி லீவு போட்டு வந்து, வீட்டை மாற்றிக் கட்டும்வரைக்கும் என்னைத் திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நடை பழக்கி அனுப்புகிற இடம். லூர்துவும் கூடத் தங்கலாம், அவளுக்கும் ஒரு சின்னக் கட்டில்.

அங்கேதான் அந்தச் சமாசாரத்தைப் பார்த்தேன். என்னைப் படுக்கவைக்கும் முன்பு ஸ்டெல்லா சிஸ்டர் மெத்தையைத் தூக்கி, கறுப்பாகத் தட்டையாக ஒன்றை அடியில் வைத்தார். மடித்த துண்டு அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போனது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் தாயார் நினைவாக அப்படிச் சிலவற்றை அந்த இல்லத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தாராம்.

"இன்னா சிஸ்டர் இது, ஷாக் கீக் அடிக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் அடிக்காது, தாத்தா. நீங்க மெத்தையில இருக்கீங்களா இல்லையான்னு பாத்துக்கினே இருக்கும். நீங்க எழுந்தீங்கன்னா எங்க மேஜையில மணி அடிக்கும். நாங்க ஓடி வந்துடுவோம்."

"படுத்திருந்தா?"

"தூங்குறீங்களா, பொரண்டுக்கினு இருக்கீங்களா, மூச்சு எப்படி வருது, அதையும் எழுதி வெச்சிக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. செக்கர். கூட்டேரிப்பட்டில் கைகாட்டி வண்டியை நிறுத்தி ஏறி, டிக்கெட்டையும் கண்டக்டர் பையையும் சரிபார்க்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர். என் சர்வீஸ் முழுக்க ஒரு செக்கரிடமும் நான் மாட்டியதில்லை. இப்போது ஒருவனை மெத்தைக்கு அடியிலேயே ஏற்றிவிட்டார்கள்.

நான் எழுந்தால் போதும், தூரத்தில் மணி கேட்கும். காலைத் தரையில் வைப்பதற்குள் செருப்புச் சத்தம் வரும். "தாத்தா, கொஞ்சம் உக்காருங்க, நான் வந்துட்டேன்." கைக்கெட்டும் இடத்தில் கூப்பிடுகிற பொத்தானும் உண்டு, அதை நான் தொடவே இல்லை. ஒன்றுக்குப் போக ஆளைக் கூப்பிடுவதா? அங்கே வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போக, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கூச்சத்தில் அவஸ்தைப்பட, அந்தப் பக்கம் அவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்திகூட முகம் சுளித்ததில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை, என் மானத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். தூக்கம் எப்படி என்று கேட்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம். படுத்தா காலையிலதான்."

அவர் கையில் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு கோடு கொஞ்ச தூரம் அமைதியாகப் போய், பிறகு மேலும் கீழுமாகக் குதித்து, நடுநடுவே அறுந்து கிடந்தது. அறுந்த இடமெல்லாம் நான் எழுந்து போன இடம். "இதுல நீங்க தூங்குன மாதிரியே தெரியலயே" என்றார். செக்கர் என் பையைத் திறந்துவிட்டான். லூர்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஏன் இவ்வளவு தடவை எழுந்திருக்கிறேன் என்று என் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிரஷருக்கு நான் நீர் மாத்திரை போடுகிறவன். உடம்பில் இருக்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக இறக்கிவிடும் மாத்திரை.

"இத எப்போ போடறீங்க?"

"ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம்."

"காலையிலன்னுதானே எழுதிக் குடுத்திருப்பாங்க?"

எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் கண்டக்டர் காலையில் நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினால் என்ன கதி? விக்கிரவாண்டியில் வண்டியை நிறுத்திவிட்டு, அறுபது பேரைக் காக்கவைத்து, வேலியோரம் போக முடியுமா? எங்களில் பல பேர் டியூட்டியில் தண்ணீரே குடிக்க மாட்டோம். எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரிக்குத் தள்ளிவைப்போம், மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் சேர்த்து. ரிட்டையர் ஆன பிறகு எனக்கு எந்த வண்டியும் காத்திருக்கவில்லை, ஆனால் பழக்கம் மட்டும் டியூட்டியிலேயே இருந்தது. இதை ஒரு டாக்டரிடமும் நான் சொன்னதில்லை. அவர்களும் எழுதிக் கொடுத்தபடி போடுகிறேன் என்றுதான் நினைத்தார்கள்.

டாக்டரம்மா விளக்கினார். படுத்திருப்பவன் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடம்பு உடனே அதை மேலே தள்ள வேண்டும். வயதானால் அது மெதுவாகிவிடும், அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் தலைக்குப் போகும் ரத்தம் சட்டென்று குறையும், கண் இருட்டும். என்னைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார், நின்றதும் இறங்கியது. ஆக, கொல்லையில் என்னைத் தள்ளிவிட்டது தரை இல்லை. மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். எழுந்ததும் நிற்காமல் கட்டிலிலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கண் தெளிந்த பிறகு, ஒருவர் பிடித்துக்கொள்ள, நிற்க வேண்டும் என்றார். கோடு மெல்ல மெல்ல அடங்கியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் விடிய விடியத் தூங்கினேன். இதற்காக அந்தக் கறுப்புச் செக்கருக்கு மனசுக்குள் ஒரு சல்யூட் வைத்தேன். அதற்காக மணியை மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம், வல்லத்திலிருந்து என் தங்கை ஞானம் வந்தாள். மடியில் அவித்த மல்லாட்டைப் பை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். கட்டிலுக்குப் பக்கத்தில் பார்க்க வருகிறவர்களுக்கென்று இரும்பு ஸ்டூல் இருந்தது. எங்கள் சனத்தில் உடம்பு முடியாதவனைப் பார்க்கப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தால் அது வழக்குப் பேச வந்தவன் உட்காருகிற மாதிரி. கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட வேண்டும், அப்போதுதான் சொந்தம். ஞானம் ஏறி உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க போயி நிம்மதியா சாப்டுட்டு வாங்க. எங்கண்ணன நான் பாத்துக்கறேன்."

லூர்து போனாள். ஞானம் கிணற்றில் தண்ணீர் இறங்கியதையும் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காததையும் சொல்லிக்கொண்டே வந்தாள். காலையிலேயே கிளம்பிப் பஸ் மாறி வந்த அலுப்பு, பேச்சு நடுவிலேயே மேலே நகர்ந்து என் தலையணை ஓரம் சாய்ந்து கண் அசந்துவிட்டாள். எனக்கு ஒன்றுக்கு வந்தது. வாக்கர் ஜன்னலோரம் இருந்தது. எழுப்ப மனசில்லை. எழுந்தால் எப்படியும் மணி அடிக்கும், ஸ்டெல்லா சிஸ்டர் வருவார் என்று எழுந்தேன்.

மணி அடிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. செக்கர் தூங்குகிறான், ஜல்தி போய்விட்டு வந்துவிடலாம். காலைத் தொங்கப்போட்டு உட்காரச் சொன்னது மறந்துபோயிற்று. வாக்கரை நோக்கி எட்டு வைத்தேன், கண் இருட்டியது. ஸ்டூலைப் பிடித்தேன், ஸ்டூலும் என்னோடு வந்தது.

அந்தச் சத்தத்தில்தான் ஞானம் எழுந்தாள், சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். பிறகு சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. மெத்தையில் பாரம் இருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரியும், யாருடைய பாரம் என்று தெரியாது. ஞானம் படுத்திருந்தாள், நான் படுத்திருப்பதாக அது நினைத்துக்கொண்டது.

சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்கள். இடுப்பு விண்ணென்று தெறித்தது, மணிக்கட்டும் வீங்கிவிட்டது. படம் வரும்வரை வெளியே காத்திருந்தோம். ஆபரேஷன் மேஜையில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஞானம் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் மேல உக்காந்ததாலதாண்ணா." லூர்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தாள், கையில் இன்னும் சோற்றுப் பருக்கை. கழுவக்கூடத் தோன்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடவுளே, இவளுக்காகவாவது அது ஒடியாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன்.

டாக்டரம்மா படத்தோடு வந்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. எலும்பும் முழுசு. அடிபட்ட வீக்கம்தான், மணிக்கட்டில் சுளுக்கு. "உங்களுக்கு யாரோ வேண்டிக்கினு இருக்காங்க" என்றார். இன்னொரு முறை இப்படி இருக்காது என்பதையும் சொன்னார்.

கட்டிலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் லூர்து வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை, போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு அந்த மணி பேஜாரா இருக்குது. எனக்குத் தெரியும். முண்டியம்பாக்கத்துல முடிச்ச அவுத்துட்டுப் போனீங்களே, அன்னியிலேர்ந்து நான் கண்ண மூடலைங்க. உங்க கட்டிலயே பாத்துக்கினுதான் படுத்திருந்தேன். இங்க வந்து அத மெத்தைக்குக் கீழ வெச்சாங்க பாருங்க, அன்னிக்குத்தான் தூங்குனேன். அது முழிச்சிக்கினு இருக்குது, நாம தூங்கலாம்னு."

அந்தக் கறுப்புத் துண்டை எனக்காக வைத்தார்கள் என்று இத்தனை நாளும் நான் முறைத்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் தூங்கியது அவள். மணி அடித்தால் எனக்கு மானக்கேடு, அவளுக்கு அது நிம்மதி. "இனிமே கூப்பிடாம எழுந்துக்க மாட்டேன்" என்றேன். அவள் நம்பினாளா தெரியாது, போர்வையை என் காலில் போர்த்திவிட்டாள்.

அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டேன். பார்க்க வருகிற எல்லாரையும் ஸ்டூலில் உட்காரச் சொல்லி ஸ்டெல்லா சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு ஞானம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆனால் அங்கிருந்தே கையை நீட்டி என் காலைப் பிடித்துவிட்டாள். சிஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

வாக்கரோடு நடை நன்றாகப் பழகியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் நன்றி சொன்னேன். ஒரு வாய் சோறு நான் மிச்சம் வைத்தாலும் ஏன் என்று கேட்டவர்கள் அவர்கள். ஜெயராணி வீட்டுக்குள்ளேயே உயரமான கக்கூஸ் கட்டி, சுவரில் கம்பி பதித்திருந்தாள். கம்பியைப் பிடிக்காமல் நின்றவனுக்குக் கடைசியில் சுவர் முழுக்கக் கம்பி. மெத்தை அடியில் வைப்பது ஒன்று வரவழைக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நாள் ஆகுமாம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரி லூர்து கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள். முந்தானையை அவள் நீட்டவில்லை. அவிழ்த்தவனிடம் மறுபடி எப்படி நீட்டுவாள்? விளக்கை அணைக்கப் போனவளை நிற்கச் சொல்லி, முந்தானை நுனியை நானே எடுத்து என் மணிக்கட்டில் சுற்றினேன். ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

"இன்னாங்க பண்றீங்க?"

"மணி கட்டிக்கினு இருக்கறேன். நீ தூங்கு."

விடிகிற நேரத்தில் விழிப்பு வந்தது. அவள் வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கையை இழுத்தேன். எழுந்து வந்தாள், முடிச்சை அவிழ்த்து வாக்கரை எடுத்து வைத்தாள். நான் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன், கண் தெளிந்தது, நின்றேன். அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்திலேயே சொன்னாள்:

"ம், போலாம், ரைட்."